உலையில் பிறந்த எழுத்துகள்

பள்ளி ஆண்டு மலர் கைக்கு வந்தவுடன் நாம் முதலில் தேடுவது நம் பெயரையும் நம் வகுப்புப் புகைப்படத்தையுமே. நம் பெயர் அச்சில் வந்திருப்பதைக் காணும்போது உள்ளத்தில் எழும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சுமந்து நிற்கும் எழுத்து எங்கே பிறந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று அது கணிப்பொறியின் திரையில் பிறக்கின்றது. இதற்கு முன் 400 ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் எழுத்து உலை நெருப்பில் பிறந்தது. ஈயத்தை உருக்கி, அச்சில் வார்த்து, ஆற வைத்து, தேய்த்து, எண்ணி எடுத்த சிறுசிறு உலோகத் துண்டுகளைக் கொண்டே நம் பாட்டனாரும் பாட்டியாரும் படித்த பாடநூல்களும், செபப் புத்தகங்களும், திருமண அழைப்பிதழ்களும் உருவாயின.

அந்த எழுத்துகள் எவ்வாறு வார்க்கப்பட்டன? தமிழ் எழுத்துக்கு அதனால் என்ன நேர்ந்தது? அக்கலையில் இன்று காக்க வேண்டியது எது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அசையும் எழுத்து

ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுப்பது மிகப் பழைய முறை. அதில் ஒரு குறை உண்டு. ஓர் எழுத்துப் பிழையானால் பலகையே வீணாகும். அந்தப் பக்கம் வேண்டாதபோது பலகை அடுப்புக்குத்தான் பயன்படும். ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனித் துண்டாகச் செய்து வைத்துக்கொண்டால், வேண்டியபோது கோக்கலாம். வேலை முடிந்ததும் பிரித்து, மீண்டும் வேறு சொற்களாகக் கோக்கலாம். இதுவே அசையும் எழுத்து முறை.

சீன நாட்டில் பதினோராம் நூற்றாண்டிலேயே களிமண்ணால் இத்தகைய எழுத்துகளைச் செய்து சுட்டனர். கொரியாவில் 1377-ஆம் ஆண்டு ஒரு புத்த மடத்தில் உலோக எழுத்தால் அச்சிட்ட ‘ஜிக்ஜி’ என்னும் நூல் இன்றும் பாரிஸ் நகரின் தேசிய நூலகத்தில் உள்ளது. ஐரோப்பாவில் ஜெர்மனி நாட்டின் மைன்ஸ் நகரைச் சேர்ந்த யோகான் குட்டன்பர்க் சுமார் 1455-இல் பக்கத்திற்கு 42 வரிகள் கொண்ட இலத்தீன் விவிலியத்தை அச்சிட்டு முடித்தார். அந்நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் எழுத்து வார்க்கும் தொழில் ஓர் ஒழுங்கான முறையாக நிலைபெற்றுவிட்டது. பின்னர் இயந்திரங்கள் வந்தபோதும் அம்முறையின் அடிப்படை மாறவில்லை.

முத்திரை, தாய் அச்சு, எழுத்து

எழுத்து வார்ப்பில் மூன்று படிகள் உண்டு.

முதற்படி, முத்திரை வெட்டுதல். ஒரு சிறிய எஃகுக் கம்பியின் முனையில் ஓர் எழுத்தை இடவலமாகப் புரட்டி, மேடாக நிற்கும்படி அரத்தாலும் உளியாலும் வெட்டி எடுப்பார்கள். ‘ம’ போன்ற எழுத்துகளின் உள்ளே உள்ள வெற்றிடத்தை உண்டாக்க வேறொரு சிறு முத்திரையால் அடித்துக் குழியாக்குவதும் உண்டு. எழுத்து சரியாக வந்துள்ளதா என்று பார்க்க, முத்திரையை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவார்கள். முனையில் கரி படியும். அதைத் தாளில் ஒற்றினால் எழுத்தின் உருவம் கறுப்பாகத் தெரியும். குறை இருந்தால் மீண்டும் அரம், மீண்டும் சுடர். மனநிறைவு உண்டாகும்வரை இவ்வாறு செய்து, பிறகு எஃகைக் காய்ச்சி நீரில் தோய்த்துக் கடினமாக்குவார்கள்.

இரண்டாம் படி, தாய் அச்சு செய்தல். கடினமான அந்த எஃகு முத்திரையை மிருதுவான செம்புக் கட்டியின்மேல் வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தால், செம்பில் எழுத்துக் குழியாகப் பதியும். புரட்டி வெட்டிய எழுத்து இங்கே நேராகத் தெரியும். அடித்த அடியில் செம்பு பக்கவாட்டில் பிதுங்கும். அதை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். எல்லா எழுத்துகளின் குழியும் ஒரே ஆழமாக இருக்க வேண்டும். ஒன்றில் ஆழம் மயிரிழை கூடினாலும் அதிலிருந்து வார்த்த எழுத்து மற்றவற்றைவிட உயர்ந்து நின்று, தாளைக் குத்தும். குறைந்தால் அச்சில் மங்கும். அச்சுத் தொழிலாளர் இதை ‘மேட்ரிக்ஸ்’ என்பர். இச்சொல் இலத்தீன் மொழியில் தாயைக் குறிக்கும் ‘மாத்தெர்’ என்னும் சொல்லின் வழி வந்தது. ஆகவே நாம் இதைத் ‘தாய் அச்சு’ என்று அழைப்பது பொருத்தமே. ஒரு தாய் அச்சிலிருந்து ஆயிரமாயிரம் எழுத்துகள் பிறக்கும்.

மூன்றாம் படி, வார்த்தல். இதற்குக் கைவார்ப்புப் பெட்டி ஒன்று உண்டு. அது இரண்டு பாதிகளாகப் பிரியும். உள்ளே இரும்பு, கை சுடாமலிருக்க வெளியே மரம். இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று வழுக்கிச் சேருவதால், உள்ளே உள்ள இடைவெளியின் அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். உயரம் மட்டும் மாறாது. ‘ர’ ஒடுங்கிய எழுத்து. ‘ணூ’ அகன்ற எழுத்து. இரண்டையும் ஒரே பெட்டியில் வார்க்கலாம். ஆயினும் இரண்டும் ஒரே வரியில் பிசகாமல் நிற்கும். இந்தச் சிறு பெட்டியின் சூட்சுமமே அச்சுக் கலையின் உயிர்நாடி எனலாம்.

பெட்டியின் அடியில் தாய் அச்சைப் பொருத்தி, சிறு கரண்டியால் உருகிய உலோகத்தை மேல்வாயில் ஊற்றி, ஊற்றிய கணமே பெட்டியை மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டிக் குலுக்குவார்கள். அக்குலுக்கலால் உலோகம் எழுத்தின் நுண்ணிய குழிகளுக்குள்ளும் புகும். உலோகம் நொடியில் உறைந்துவிடும். பெட்டியைத் திறந்தால் பளபளவென்று ஓர் எழுத்து! இது மீண்டும் புரண்ட எழுத்து. ஆகவே தாளில் பதியும்போது நேராகும். முத்திரையில் புரளும், தாய் அச்சில் நேராகும், வார்ப்பில் புரளும், தாளில் நேராகும்.

மூன்று உலோகங்களின் கூட்டுறவு

ஈயம் மலிவானது, எளிதில் உருகுவது. ஆனால் தனி ஈயம் மிகவும் மிருது. நகத்தாலேயே கீறலாம். அதனால் செய்த எழுத்து அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தில் விரைவில் நசுங்கிப்போகும். மேலும் உறையும்போது சுருங்குவதால் எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக அமைவதில்லை.

இக்குறையைப் போக்க ஈயத்துடன் ஆன்டிமனி என்னும் உலோகத்தைச் சேர்த்தனர். அது கடினத்தைத் தருகின்றது. உறையும்போது நேரும் சுருக்கத்தையும் குறைக்கின்றது. மூன்றாவதாக வெள்ளீயம். அது கலவையை நன்றாக ஓடச் செய்து, எழுத்தின் மெல்லிய கோடுகளையும் நிரப்புகின்றது. கலவைக்கு உறுதியும் அளிக்கின்றது.

இதில் வேதியியல் பயிலும் மாணவியர் வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். ஆன்டிமனி உருக 630 டிகிரி வேண்டும். ஆனால் 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம் சேர்ந்த கலவை ஏறத்தாழ 240 டிகிரியிலேயே உருகிவிடும்! இது வரி வார்க்கும் இயந்திரங்களுக்கு ஏற்ற கலவை. கையால் கோத்துப் பலமுறை பயன்படுத்தும் எழுத்துகளுக்கு இதைவிடக் கடினம் தேவை; எனவே அவற்றில் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கூடுதலாகச் சேர்க்கப்படும்.

வார்த்தபின் நடப்பவை

பெட்டியிலிருந்து வரும் எழுத்தின் அடியில் ஊற்றுவாயின் உலோகம் வால்போல ஒட்டிக்கொண்டிருக்கும். அதை ஒடித்தெறிந்து, பக்கங்களைக் கல்லில் தேய்த்துப் பிசிறு நீக்குவார்கள். பிறகு வரிசையாக அடுக்கி, அடிப்பாகத்தை இழைத்து, எல்லாவற்றையும் ஒரே உயரமாக்குவார்கள். இங்கிலாந்து, அமெரிக்க முறைகளில் அவ்வுயரம் 0.918 அங்குலம், அதாவது ஏறத்தாழ 23.3 மில்லிமீட்டர். எழுத்தின் பருமனைப் ‘பாயிண்டு’ என்னும் அளவால் குறிப்பர். ஏறத்தாழ 72 பாயிண்டு ஓர் அங்குலம். எனவே 12 பாயிண்டு எழுத்தின் உடல் ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு.

ஒவ்வோர் எழுத்தின் உடலிலும் ஒரு பக்கத்தில் சிறு பள்ளம் இருக்கும். எழுத்துக் கோப்பவர் கண்ணால் பார்க்காமலே, கட்டைவிரலால் அப்பள்ளத்தைத் தடவி, எழுத்து தலைகீழாக நிற்கிறதா, நேராக நிற்கிறதா என்று அறிந்துகொள்வார். கம்பாசிட்டர்கள் பேசிக்கொண்டே மின்னல் வேகத்தில் எழுத்துக் கோத்ததன் இரகசியங்களுள் இப்பள்ளமும் ஒன்று.

எழுத்துகள் எண்ணிக்கையால் அல்ல, எடையால் விற்கப்பட்டன. ஆனால் எல்லா எழுத்தும் சமஅளவில் வேண்டியிருக்காது. ‘க’, ‘த’, ‘ம்’, ‘ன்’ ஆகியவை ஏராளமாக வேண்டும். ‘ங’ வரிசையில் நாள்தோறும் பயன்படுவது ‘ங்’ ஒன்றுதான். எந்த எழுத்தை எத்தனை வார்ப்பது என்ற கணக்குத் தெரியாத வார்ப்பகத்திடம் எழுத்து வாங்கினால், பாதிப் பக்கம் கோக்கும்போதே ஓர் எழுத்துத் தீர்ந்துபோகும், மற்றவை தூங்கும். ஆகவே எழுத்து வார்ப்பவருக்கு மொழியறிவும் வேண்டியிருந்தது.

தமிழ் எழுத்தின் தனிச் சிக்கல்

ஆங்கிலத்திற்குப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, ஆக 52 எழுத்துகள் போதும். தமிழில் எழுத்துகள் 247. அத்தனைக்கும் தனித்தனித் தாய் அச்சு வேண்டுமா? வேண்டியதில்லை. கணக்கிட்டுப் பார்ப்போம்.

உயிர் 12, ஆய்தம் 1, புள்ளி வைத்த மெய் 18, அகர வரிசை 18. இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஆகிய நான்கிலும் குறி எழுத்தோடு ஒட்டி உருவம் மாறுவதால் வரிசைக்கு 18 வீதம் 72. இதுவரை 121. ஆகாரம், எகரம், ஏகாரம், ஐகாரம், ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகியவற்றுக்குத் துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு என்னும் 4 துண்டுகள் போதும். ஔகாரத்திற்கு ‘ள’ கைகொடுக்கும். ஆக 125 வார்ப்புகள். இவற்றோடு கிரந்த எழுத்துகள், எண்கள், நிறுத்தற்குறிகள் சேரும். ஆங்கிலத்தைப் போல இரு மடங்குக்கு மேல் தாய் அச்சுகள். இரு மடங்குக்கு மேல் உழைப்பு!

பழைய புத்தகங்களில் ணா, றா, னா ஆகிய மூன்றும் துணைக்கால் இல்லாமல் சுழித்த வடிவிலும், ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் துதிக்கை போன்ற வளைவோடும் இருப்பதைப் பாட்டியின் செபப் புத்தகத்தில் நீங்கள் பார்த்திருக்கலாம். இவ்வேழு வடிவங்களுக்கும் தனி வார்ப்புத் தேவைப்பட்டது. தந்தை பெரியார் 1935-இல் தம் ‘குடி அரசு’ இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். 1978-இல் தமிழக அரசு அவற்றுள் ணொ, ணோ முதலியவற்றையும் சேர்த்து 13 எழுத்துகளின் மாற்றத்தை ஏற்று ஆணையிட்டது. அதன்பின் மேற்கூறிய தனி வார்ப்புகளுக்கு வேலையில்லாமற் போயிற்று.

கோவாவிலிருந்து தரங்கம்பாடி வரை

தமிழ் எழுத்து முதன்முதலில் உலோகத்தில் வார்க்கப்பட்ட வரலாறு நமக்குப் பெருமை தருவது. எத்தியோப்பியாவுக்கென்று புறப்பட்ட அச்சுப்பொறி ஒன்று 1556-இல் கோவாவில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. அதுவே இந்தியாவின் முதல் அச்சுப்பொறி. இயேசு சபைச் சகோதரர் யோவான் கொன்சால்வஸ் 1577-இல் கோவாவில் தமிழ் எழுத்துகளை வார்த்தார். மறு ஆண்டு கொல்லத்தில் யோவான் தெ பாரியா அடிகளார் அவற்றைவிடத் திருந்திய எழுத்துகளை உருவாக்கினார். அவற்றைக் கொண்டு 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சிடப்பட்டதே ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்க மறைக்கல்வி நூல். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் நம் நாட்டில் அச்சேறிய முதல் நூல் இதுவே. இதைத் தமிழில் ஆக்கியவர் முத்துக்குளித்துறையில் உழைத்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார். அச்சுச் செலவுக்கு அப்பகுதியின் பரதவ மக்கள் பணம் திரட்டித் தந்தனர்.

அந்நூலின் இறுதிப் பக்கத்தில் கோவா எழுத்தும் கொல்லம் எழுத்தும் மாதிரிக்காக அச்சிடப்பட்டுள்ளன. ஓராண்டுக்குள் கைத்திறன் எவ்வளவு வளர்ந்தது என்பதை அப்பக்கமே சொல்லும். அதன் பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. 1579-இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’, 1586-இல் புன்னைக்காயலில் ‘அடியார் வரலாறு’ என நூல்கள் தொடர்ந்தன.

பின்னர் ஓர் இடைவெளி. 1679-இல் அம்பலக்காட்டில் அந்தாம் தெ புரோயென்சா அடிகளாரின் தமிழ்-போர்ச்சுகீசிய அகராதி அச்சானபோது, உலோக எழுத்துக்குப் பதிலாக மர எழுத்துகளே வெட்டப்பட்டன. வார்ப்புக் கலை ஓர் இடத்தில் வேர்விடாவிட்டால் அடுத்த தலைமுறை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பதற்கு இது சான்று.

தரங்கம்பாடியில் லுத்தரன் சபையைச் சேர்ந்த சீகன்பால்கு 1712-இல் அச்சுப்பொறி பெற்றார். தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713-இல் கப்பலில் வந்து சேர்ந்தன. ஆனால் அவை மிகப் பெரியவை, தாளை விழுங்கின. தாளோ அரிய பொருள். ஆகவே அங்கேயே சிறிய எழுத்துகளை வார்க்கத் தீர்மானித்தனர். ஈயத்திற்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து அன்பளிப்பாக வந்த பாலாடைக் கட்டிகள் ஈய உறையில் பொதியப்பட்டிருந்தன. அவ்வுறைகளை உருக்கியே எழுத்துகளை வார்த்தனர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 1714-இல் நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணியும் பெரிய எழுத்திலும், 1715-இல் புதிய ஏற்பாட்டின் எஞ்சிய பகுதி சிறிய எழுத்திலும் வெளிவந்தன. பின்னாளில் நம் வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணமும் அந்தத் தரங்கம்பாடி அச்சகத்திலேயே அச்சாயிற்று. சமயப் பிரிவுகளுக்கு இடையே கருத்து வேற்றுமைகள் மிகுந்திருந்த காலத்திலும், தமிழ் எழுத்து இரு தரப்பாருக்கும் பொதுவாய் நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தின் பி. ஆர். ஹன்ட் தமிழ் எழுத்தைச் சிறிதாகவும் அழகாகவும் வார்ப்பதில் பெரும் வெற்றி கண்டார். 1862-இல் அங்கு வெளிவந்த வின்சுலோ அகராதி அதற்குச் சான்று.

வார்ப்பு தந்த தெளிவு

ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் மெய்யெழுத்தின் மேல் புள்ளியிடாமலே விடுவது வழக்கம். புள்ளி குத்தினால் ஓலை பழுதாகும். படிப்பவர் இடம் நோக்கி ‘க’ என்றோ ‘க்’ என்றோ அறிந்துகொண்டார். தொடக்க கால அச்சு நூல்களும் ஓலையைப் பின்பற்றியே புள்ளியின்றி வந்தன. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் வடிவங்களை வீரமாமுனிவர் புகுத்தினார்.

ஒரு புலவர் ஓலையில் செய்யும் மாற்றம் அவருடைய மாணவர்களோடு நின்றுவிடக்கூடும். ஆனால் ஒரு தாய் அச்சில் புள்ளி ஏறிவிட்டால், அதிலிருந்து பிறக்கும் ஒவ்வோர் எழுத்தும் புள்ளியோடு பிறக்கும். அதைக் கொண்டு அச்சிட்ட ஒவ்வொரு நூலும் புள்ளியோடு படிக்கப்படும். இன்று முதல் வகுப்புக் குழந்தை ‘அம்மா’ என்பதைத் தடுமாற்றமின்றி வாசிக்கின்றதென்றால், அப்புள்ளியை உலோகத்தில் நிலைநாட்டிய பெயர் தெரியாத வார்ப்பாளர்களுக்கும் அதில் பங்குண்டு.

இயந்திரங்கள் வந்தன

கையால் வார்ப்பவர் ஒருவர் ஒரு நாளில் சில ஆயிரம் எழுத்துகளே வார்க்க முடியும். 1838-இல் அமெரிக்காவைச் சேர்ந்த டேவிட் புரூஸ் எழுத்து வார்க்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1886-இல் ஆட்மர் மெர்கந்தாலரின் ‘லைனோடைப்’ நியூயார்க் நகரின் ‘டிரிபியூன்’ நாளிதழில் வேலை தொடங்கியது. அது ஒரு முழு வரியையே ஒரே கட்டியாக வார்த்தது. டால்பர்ட் லான்ஸ்டன் கண்டறிந்த ‘மோனோடைப்’ தனித்தனி எழுத்தாக வார்த்தது. விசைப்பலகையில் தட்டினால் தாள்சுருளில் துளைகள் விழும். அத்துளைகள் வழியே செல்லும் காற்று, எந்தத் தாய் அச்சு உலோகத்தின் எதிரே வர வேண்டும் என்று இயந்திரத்துக்கு ஆணையிடும். அதன் தொடக்க காலச் சட்டத்தில் வரிசைக்கு 15 வீதம் 15 வரிசைகள், ஆக 225 தாய் அச்சுகள் இருந்தன.

இயந்திரம் எவ்வளவு விரைந்தாலும் தாய் அச்சும் உருகிய உலோகமும் சந்திக்கும் அந்தக் கணம் மட்டும் மாறவில்லை.

வியர்வையும் நஞ்சும்

அழகிய எழுத்துக்குப் பின்னால் துன்பமும் இருந்ததை நாம் மறக்கலாகாது. ஈயம் நஞ்சு. அதன் தூசியும் புகையும் உடலில் சிறிது சிறிதாகச் சேர்ந்து வயிற்றுவலி, இரத்தச்சோகை, நரம்புத் தளர்ச்சி முதலியவற்றை உண்டாக்கும். குழந்தைகளுக்கு அது இன்னும் கொடியது. மூளை வளர்ச்சியையே பாதிக்கும். எழுத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் உண்பது ஆபத்து. காற்றோட்டமில்லாத சிறு அறைகளில் உலையருகே நாள் முழுவதும் நின்ற தொழிலாளர் எத்தனையோ பேர். அவர்களுடைய பெயர் எந்த நூலின் முகப்பிலும் அச்சாகவில்லை. நூலாசிரியர் பெயரும் பதிப்பகத்தின் பெயரும் அச்சாக, அவர்கள் ஆக்கித் தந்த எழுத்துகளே உதவின.

ஆகவே மாணவிகளே, பழைய எழுத்துகள் கிடைத்தால் ஆர்வத்தில் ஈயத்தை வீட்டில் உருக்கிப் பார்க்க முயலாதீர்கள். அதற்குப் பதிலாக ஆபத்தில்லாத ஒரு சோதனை உண்டு. சவர்க்காரக் கட்டியில் ஓர் எழுத்தைப் புரட்டி, மேடாக நிற்கும்படி பெரியவர் துணையுடன் செதுக்குங்கள், இது முத்திரை. முகப்பவுடரைத் தூவி அதை மிருதுவான களிமண்ணில் அழுத்தி எடுங்கள். இது தாய் அச்சு. அக்குழியில் பாரிஸ் சாந்தைக் குழைத்து ஊற்றி, நன்கு காய்ந்தபின் எடுங்கள், இது வார்ப்பெழுத்து. மைப்பட்டையில் ஒற்றித் தாளில் அழுத்தினால் உங்கள் எழுத்து நேராக விழும். அடுத்த அறிவியல் கண்காட்சியில் வைக்கலாமே!

காக்க வேண்டியது எது?

வார்ப்பெழுத்து தேயும். பல்லாயிரம் தாள்களில் பதிந்தபின் அதன் முகம் மழுங்கும். அப்போது அதை எறிந்துவிடுவதில்லை. மீண்டும் உலைக்கு அனுப்பி, குறைந்துபோன வெள்ளீயத்தையும் ஆன்டிமனியையும் சேர்த்து உருக்கினால் புதிய எழுத்தாகிவிடும். நேற்றைய செய்தித்தாள் இன்றைய பாடநூலாகும். எழுத்துக்கு இவ்வாறு மறுபிறப்பு உண்டு. ஆனால் தாய் அச்சு இருந்தால்தான்.

1980-களிலும் 1990-களிலும் ஆஃப்செட் முறையும் கணிப்பொறி எழுத்துக் கோப்பும் பரவியபின் வார்ப்பகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இதில் வருந்துவதற்கு மட்டுமே இடமில்லை. ஈயப் புகையிலிருந்து பலர் விடுதலை பெற்றனர். அச்சும் எளிதாயிற்று. வருந்த வேண்டியது வேறொன்று. மூடிய இடங்களில் எழுத்துகளோடு தாய் அச்சுகளும் பழைய உலோகமாக எடைக்கு விற்கப்படுவதுண்டு. எழுத்து போனால் மீண்டும் வார்க்கலாம். தாய் அச்சு செம்பு விலைக்குப் போய்விட்டால், ஒரு கைவினைஞர் மெழுகுவர்த்திச் சுடரில் பலமுறை காட்டித் திருத்திய அந்த ‘ழ’ பிறகு எங்கும் பிறக்காது.

பெல்ஜிய நாட்டின் ஆண்ட்வெர்ப் நகரில் பிளாந்தின் குடும்பத்தாரின் பழைய அச்சகம் அருங்காட்சியகமாகக் காக்கப்படுகின்றது. பதினாறாம் நூற்றாண்டின் முத்திரைகளும் தாய் அச்சுகளும் ஆயிரக்கணக்கில் அங்கே இழுப்பறைகளில் உள்ளன. 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அந்நகரத்தார் செய்தது செயற்கரிய செயலன்று. பயன் தீர்ந்தவற்றை உடனே விற்றுவிடாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவே.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்திலோ, உறவினரிடத்திலோ, பங்கு ஆலயத்தின் பழைய அறையிலோ மூடிய அச்சகத்தின் பொருள்கள் இருக்கலாம். அவற்றை எடைக்குப் போடுமுன், செம்பிலோ பித்தளையிலோ நேரான எழுத்து குழியாகப் பதிந்த சிறு கட்டிகள் உள்ளனவா என்று பாருங்கள். இருந்தால் அவை தாய் அச்சுகள். அவற்றைத் தனியே எடுத்து, உலர்ந்த இடத்தில் வைத்து, நூலகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ கல்லூரித் தமிழ்த்துறைக்கோ தெரிவியுங்கள். அங்கு வேலை செய்த பெரியவர் ஒருவர் இன்னும் நம்மிடையே இருந்தால், அவர் சொல்வதை உங்கள் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். அவர் பெயரையும் சேர்த்து எழுதட்டும்.

வீரமாமுனிவர், சீகன்பால்கு போன்றோரின் பெயர்களை வரலாறு வைத்திருக்கின்றது. உலையருகே நின்றவர்களின் பெயர்களை அது வைக்கவில்லை. அவர்களிடமிருந்து நமக்கு எஞ்சியிருப்பவை அவர்கள் வடித்த எழுத்துகளும், எங்கோ சில இழுப்பறைகளில் கிடக்கும் தாய் அச்சுகளுமே. அவற்றையேனும் அழியாமல் காப்போமாக!